குழலின் நீளமும் சட்டத்தின் அளவுகோலும்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடைக்கு ஏறும் சாலையில் பாதி தூரம்வரை கம்பெனித் தேயிலைதான். தேயிலையைக் காட்டுப்பன்றி சீண்டுவதில்லை. தேயிலை முடிந்து காய்கறிப் பாத்திகள் தொடங்கும் இடத்தில்தான் தொல்லையும் தொடங்குகிறது. உருளைக்கிழங்கு, காரட், பூண்டு என மண்ணுக்கடியில் விளையும் பயிர்களை ஒரு கூட்டம் பன்றி ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடும். பாலக்காட்டுப் பக்கம் அட்டப்பாடியிலும் நெல்லியாம்பதி அடிவாரத்திலும் இதே கதைதான். அங்கே மரவள்ளியும் வாழையும் போகும். இந்த நிலக்காரர்களில் ஒருவர் பயிர்க்காவலுக்குத் துப்பாக்கி வேண்டுமென்று மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தால், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அவருக்கு ஆதரவாகவே பேசுகிறது. அதன் 13ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கிற குடிமகனுக்கு, உட்புறம் வழவழப்பான, 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும் என்கிறது அது. உண்மையான பயிர்க்காவலுக்கு என்றால், வாய்வழியே மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டும். அது போதாது என்று அதிகாரி கருதினால், முன்சொன்ன 20 அங்குலத் துப்பாக்கியையே பயிர்க்காவலுக்கும் கொடுக்கலாம். கைத்துப்பாக்கிக்கும், பொதுவாக ரைஃபிளுக்கும் இப்படிப்பட்ட சலுகை இல்லை. அவற்றைக் கேட்பவர் தமக்கு அது தேவை என்பதற்குத் தக்க காரணத்தைக் காட்டி அதிகாரியை நம்பவைக்க வேண்டும்.

ஆக, மலை விவசாயிக்குச் சட்டம் தரும் ஆதரவு ஓர் அளவைப் பற்றி நிற்கிறது. 20 அங்குலம் என்பது ஏறத்தாழ 51 சென்டிமீட்டர். அதே வழவழப்பான குழல் 20 அங்குலத்துக்குக் கீழே போனால், ஆயுத விதிகளின் அட்டவணையில் அது பயிர்க்காவல் வரிசையிலிருந்து நீங்கி, தானியங்கித் துப்பாக்கிகளையும் ராணுவத் தோட்டா ஏற்கும் ரைஃபிள்களையும் உள்ளடக்கிய முதல் வகைக்குள் போய்விடுகிறது. மருந்து அதேதான், ரவை அதேதான். சில அங்குல இரும்பு குறைந்தது, அவ்வளவே. சட்டம் இதற்கு இத்தனை கனம் தருவது வீம்பு இல்லை. நீளத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவரை ஊரே பார்க்கும். வேட்டிக்குள்ளோ பைக்குள்ளோ மறைக்க முடிகிற துப்பாக்கி, எதிரே நிற்பவருக்கு எந்த எச்சரிக்கையும் தராது. ரவை போடும் குழலைக் குறுக்கினால் வாயை விட்டு வெளியேறும் ரவை சீக்கிரமே பரவுகிறது. தூரத்துப் பன்றிக்கு உதவாது, நெருக்கத்தில் மனிதனுக்கு மிகக் கொடியதாகும். குழல் குறையக் குறைய வயலுக்குப் பயன்படும் தன்மை குறைந்து, மனிதர்மேல் திருப்பத் தோதான தன்மை கூடுகிறது. உலகெங்கும் ஆயுதச் சட்டங்கள் நீளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் கைத்துப்பாக்கிக்கும் நீளத் துப்பாக்கிக்கும் நடுவே இயற்கையான வேலி ஏதும் இல்லை. 1896இல் ஜெர்மனியில் வெளிவந்த மௌசர் கைத்துப்பாக்கியின் மர உறையையே பிடியின் பின்னால் மாட்டினால், அது தோளில் ஊன்றும் கட்டையாகிவிடும். ஒரு கையால் சுட்ட கருவி அப்போது சிறு ரைஃபிளாக வேலை செய்யும். தோளில் ஊன்றியதும் குறி திருந்துகிறது, எட்டும் தூரம் கூடுகிறது. எதிர்த்திசையில் போவதும் உண்டு. வட இந்தியாவில் ‘கட்டா’ எனப்படும் கள்ளக் கைத்துப்பாக்கிகளில் பல, .315 ரைஃபிள் தோட்டாவையோ 12 போர் தோட்டாவையோ ஏற்பவை. அதாவது நீளத் துப்பாக்கியின் தோட்டாவை இடுப்பில் செருகும் கருவிக்குள் அடைத்தவை. கருவி தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும்போது அது எந்த வகையைச் சேர்ந்தது என்று யார், எந்த அளவுகோலால் சொல்வது என்பதே சட்டத்தின் சிக்கல்.

இந்தக் கேள்வியோடு அமெரிக்கா நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறது. அங்கே 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கிகளும் கட்டுப்பாட்டுக்குள் இருந்தன. அவற்றைப் பதிவு செய்யச் சொன்னால், ஜனங்கள் ரைஃபிளை வெட்டிக் கைத்துப்பாக்கியாக்கிக்கொள்வார்கள் என்று பயந்து, குறுங்குழல் ரைஃபிளையும் சேர்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கைத்துப்பாக்கியை நீக்கினார்கள். குறுங்குழல் ரைஃபிள்மேல் விழுந்த கட்டுப்பாடு மட்டும், காக்க வேண்டிய சுவர் இல்லாமலேயே நின்றுவிட்டது. இன்றைக்கு அங்கே 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளும், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரவைத் துப்பாக்கியும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தால் இவ்விரண்டும், தனிப்பதிவு இல்லாமல் வைத்திருக்கக் கூடாதவை. ஒவ்வொன்றையும் செய்ய 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி முதல் குறுங்குழல் ரைஃபிளுக்கு அந்த வரி இல்லை. பதிவு மட்டும் தொடர்கிறது.

இந்த அளவுகளை வைத்துக்கொண்டு ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. தாம்சன் சென்டர் நிறுவனம் ‘கன்டெண்டர்’ என்ற ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கியை விற்றது. குழல் 10 அங்குலம். அதோடு 21 அங்குலக் குழலும் தோள்கட்டையும் அடங்கிய தனித்தொகுப்பும் விற்றது. இரண்டையும் முறையாக மாட்டினால் சட்டப்படியான ரைஃபிள் கிடைக்கும். தோள்கட்டையைப் பொருத்திவிட்டுப் பழைய குறுங்குழலையே விட்டுவைத்தால், தடைக்குள் வரும் குறுங்குழல் ரைஃபிள். கைத்துப்பாக்கியும் தொகுப்பும் ஒருவர் கையில் சேர்ந்து இருந்தாலே தடைப்பொருளைச் ‘செய்ததாக’ ஆகிவிடுமா என்பது கேள்வி. நிறுவனம் வேண்டுமென்றே ஒன்றைச் செய்து 200 டாலர் வரியைக் கட்டி, அதைத் திருப்பிக் கேட்டு வழக்காடியது. 1992இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. சட்டப்படியான பயன்பாடு தெளிவாக இருக்கிறது. சட்டத்தின் வாசகம் மங்கலாக இருக்கிறது. குற்றத்தண்டனை சுமத்தும் சட்டத்தில் மங்கல் இருந்தால் அதன் பலன் குடிமகனுக்கே என்று பழைய நெறியைப் பிடித்துக்கொண்டது. 2011இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைத் தொடர்ந்து ஒரு விளக்க ஆணை தந்தது. கைத்துப்பாக்கியாகப் பிறந்தது ரைஃபிளாகி மீண்டும் கைத்துப்பாக்கியாவதில் குற்றமில்லை. ரைஃபிளாகவே பிறந்ததைக் கைத்துப்பாக்கியாக்கினால் அது ‘ரைஃபிளிலிருந்து செய்யப்பட்ட ஆயுதம்’, பதிவு வேண்டும். ஒரே உருவம், ஒரே அளவு. பிறப்பு எதுவென்பதைப் பொறுத்து ஒன்று குற்றம், மற்றொன்று குற்றமில்லை. 2023இல் கைத்துப்பாக்கியின் பின்னால் மாட்டும் முன்கைத் தாங்கியையும் தோள்கட்டையாகவே கணக்கிட அந்த அமைப்பு கொண்டுவந்த விதியை, 2024 ஜூனில் டெக்சாஸில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அந்த நாட்டின் துப்பாக்கிப் பெருக்கத்தில் எனக்கு எந்த மரியாதையும் இல்லை. ஆனால் மங்கலான வாசகத்தைக் கொண்டு மனிதனைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்ற அந்த 1992 தீர்ப்பின் நெறி, எந்த நாட்டு விவசாயிக்கும் பொருந்தும்.

பிரிட்டனின் வழி வேறு. அங்கே 1968ஆம் ஆண்டுச் சட்டம் ரவைத் துப்பாக்கியின் குழலை 24 அங்குலத்துக்குக் கீழே குறுக்குவதைக் குற்றமாக்கியது. கடுமையான தடைக்குள் ஒருமுறை இருந்த ஆயுதத்தை, பிறகு எப்படி மாற்றினாலும் தடையிலிருந்து மீட்க முடியாது என்று 1988இல் சேர்த்தார்கள். இறுக்கமான சட்டம்தான். ஆனால் எந்த அங்குலத்தில் குற்றம் தொடங்குகிறது என்பது அதில் எழுதியிருக்கிறது.

இனி நம் சட்டம். 1959இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பாலக்காடு, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பகுதியாக 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் இருந்தது. மாட்டுப்பட்டி உள்ளிட்ட ஹைரேஞ்ச் திருவிதாங்கூர் சமஸ்தானத்து நிலம். இரண்டு மலைப்பகுதிகளையும் ஒரே ஆயுதச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது சுதந்திர இந்தியா. இச்சட்டத்தின் 6ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழலைக் குறுக்கக் கூடாது, போலித் துப்பாக்கியை உண்மையான துப்பாக்கியாக மாற்றக் கூடாது என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவந்தது. 2019 டிசம்பரில் திருத்தம் வந்தது. டிசம்பர் 14 முதல் அமலானது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும், கல்யாண வீடுகளில் வானத்தை நோக்கிச் சுடுவதைக் குற்றமாக்கியதும்தான் அப்போது செய்தித்தாள்களில் அடிபட்டன. அதே திருத்தம் 6ஆம் பிரிவில் ஒரு தொடரையும் செருகியது: 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் சொல்லப்பட்ட ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் உரிமம் இல்லாமல் கூடாது. கைத்துப்பாக்கியை ரைஃபிளாக்குவதும், ரைஃபிளைக் கைத்துப்பாக்கியாக்குவதும் இந்திய மண்ணில் எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று கேட்டால், பதில் இந்தத் தொடர்தான்.

இதை மீறினால் என்ன தண்டனை என்பது 25ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் இருக்கிறது. 2019க்கு முன்பு மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. இப்போது குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஏழுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு இந்த உட்பிரிவில் இடமில்லை. உரிமமில்லாத சாதாரணத் துப்பாக்கியை வைத்திருந்தவருக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு. தக்க காரணத்தைப் பதிவு செய்து இரண்டுக்கும் கீழே குறைக்க நீதிபதிக்கு அங்கே அதிகாரம் உண்டு.

என் கவலை இங்கேதான். 6ஆம் பிரிவு குழலைக் ‘குறுக்குவது’ என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவுக்குக் கீழே என்று சொல்லவில்லை. 13ஆம் பிரிவுக்கு 20 அங்குலம் தெரியும், அட்டவணைக்குத் தெரியும், தண்டனைக்கு வழிவிடும் 6ஆம் பிரிவுக்குத் தெரியாது. நாற்பது அங்குலக் குழலில் இரண்டு அங்குலம் எடுத்தாலும், கொள்ளைக்காகப் பத்து அங்குலமாக வெட்டினாலும் வாசகத்தில் ஒரே குற்றம், ஒரே குறைந்தபட்சத் தண்டனை.

மலையில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இருப்பதில்லை. கரிமருந்து எரிந்தபின் குழலுக்குள் தங்கும் கசடு ஈரத்தை இழுக்கும். இரண்டு பருவமழையும் மாதக்கணக்கில் மூடுபனியும் உள்ள ஊரில், சுட்டபின் உடனே கழுவித் துடைத்து எண்ணெய் இடாத குழலை அந்தக் கசடு துருவாகத் தின்னும். தாத்தா காலத்து உரிமத்தோடு பேரனுக்கு வந்த துப்பாக்கியின் வாய்ப்பகுதி துருப்பிடித்தோ, நெளிந்தோ, வெடித்தோ போனால், கெட்டுப்போன நுனியை அறுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாமே என்றுதான் எந்தக் குடியானவனுக்கும் தோன்றும். ஊர்ப் பட்டறையில் அதை அறுத்துக் கொடுப்பவருக்கு, தான் செய்தது ஆயுள் தண்டனைவரை போகக்கூடிய குற்றம் என்று தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அறுக்காமல் வெறுமனே விசையைச் சரிசெய்தாலும் அவர் தப்ப முடியாது. துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கே 5ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். இல்லாமல் செய்தால் அதற்கும் அதே ஏழு ஆண்டு முதல் ஆயுள்வரை. கள்ளத் துப்பாக்கியைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு இரண்டு ஆண்டில் தொடங்குகிற தண்டனை, அதன் ஆணியை முடுக்கிக் கொடுத்த கொல்லருக்கு ஏழு ஆண்டில் தொடங்குகிறது. ஆயுதத் தொழிற்சாலை போல் கள்ளத் துப்பாக்கி உற்பத்தி செய்யும் கும்பல்களை மனத்தில் வைத்து எழுதிய தண்டனை இது. அந்தக் கும்பல்களுக்கு அது தகும். ஒற்றை உலையை வைத்துக்கொண்டு அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கும் மனிதருக்கும் அதையே அளந்து கொடுப்பது நியாயமாகாது.

வகை மாற்றம் பற்றிய புதிய தொடரிலும் இதே குறை இருக்கிறது. கைத்துப்பாக்கி என்பது எது, ரைஃபிள் என்பது எது என்று ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் இலக்கணம் இல்லை. கழற்றி மாட்டக்கூடிய தோள்கட்டையைக் கைத்துப்பாக்கியில் பொருத்தினால் வகை மாறிவிட்டதா? குழல் மாறவில்லை, தோட்டா மாறவில்லை, தோளில் ஊன்ற முடிகிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது. திரும்பக் கழற்றினால் அது இன்னொரு மாற்றமா? துப்பாக்கியின் உதிரிப் பாகங்களும் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியே. ஆகவே தனியாக ஒரு குழலை வைத்திருப்பதும் கணக்கில் வரும். உதிரிப் பாகத்தைத் துப்பாக்கியாகவே எண்ணுவதால், பாகமாக வாங்கிச் சேர்க்கும் குறுக்கு வழியை நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட நன்றாக அடைத்திருக்கிறது. ஆனால் மாற்றம் எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது.

காற்றழுத்தத் துப்பாக்கிகளுக்கு மட்டும் விதிகள் தெளிவான கோடு போட்டிருக்கின்றன. .177 விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்டவற்றை உரிமமின்றி வாங்கலாம். கடையில் வாங்கிய அத்தகைய துப்பாக்கியை மருந்துத் தோட்டா சுடும்படி மாற்றினால், அது துப்பாக்கி வகைக்குள் கால் வைத்துவிட்டது. பன்றியும் மானும் வேட்டையாட இப்படித் திருத்தப்பட்ட துப்பாக்கிகள் கேரளத்தில் பிடிபட்டிருக்கின்றன. 2019 திருத்தத்தின் கடுமைக்கு நான் முழு மனதோடு ஆதரவு தரும் இடம் இது. அந்த மாற்றத்தில் தற்செயல் என்று எதுவும் இல்லை. உரிமத்தையும் பதிவையும் ஏய்ப்பதற்கே அது செய்யப்படுகிறது.

மாட்டுப்பட்டிப் பகுதிக்கு இன்னொரு சட்டமும் குறுக்கே வருகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் துப்பாக்கி உரிமதாரர் தம் பெயரைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் காப்பாளரின் இசைவு இல்லாமல் புதிய துப்பாக்கி உரிமம் தரக் கூடாது. தேசியப் பூங்காக்களுக்கும் இது பொருந்தும். வடமேற்கே இரவிகுளம், வடகிழக்கே ஆனமுடிச் சோலை என்று பூங்காக்கள் சூழ்ந்த மாட்டுப்பட்டியைச் சுற்றி, இந்த 10 கிலோமீட்டருக்கு வெளியே நிலம் தேடுவது கடினம். இரவிகுளம் ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடு. 1971இல் கேரள அரசு எடுத்துக்கொண்டு, 1975இல் சரணாலயமாக்கி, 1978இல் தேசியப் பூங்காவாக உயர்த்தியது. வரையாடு பிழைத்தது இந்தக் கண்டிப்பால்தான். அதை ஓர் அங்குலமும் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆயினும் 13ஆம் பிரிவு தருகிற ஆதரவை 34ஆம் பிரிவு இங்கே ஏறக்குறைய முழுதாக வடிகட்டிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய உரிமம் அரிதாவதால் பழைய உரிமத்தோடு இருக்கும் பழைய துப்பாக்கியே பொக்கிஷமாகிறது. 2022இல் கேரள அரசு, விளைநிலத்தில் தொல்லை தரும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுட வேண்டியவர் உரிமத் துப்பாக்கி உள்ளவராக இருக்க வேண்டும். விஷம், வெடிபொருள், மின்கம்பி கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது நம்பியிருப்பது, வயதான உரிமதாரர்கள் கையில் இருக்கும், மழையில் தேய்ந்த அந்தப் பழைய குழல்களைத்தான். அவற்றைச் சட்டப்படி பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஆயுத வணிகரைத் தேடி மலையிறங்க வேண்டும். இதற்கிடையே தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். வாரக்கணக்கில் கழுவலும் எண்ணெயும் இல்லாமல் அது அங்கே கிடக்கும்.

பட்டறைக்காரரைப் பற்றிய என் கவலைக்கு எதிராக வனத்துறைக்காரர் ஒரு வாதம் வைப்பார். அது வலுவான வாதம். ஊர்ப் பட்டறையில் திருத்தப்படும் துப்பாக்கி வயல் வரப்போடு நிற்பதில்லை. அதுதான் காட்டுக்குள் காட்டெருமைமேலும் மிளாமேலும் திரும்புகிறது. இருட்டில் வேட்டைக்குப் போன இடத்தில் கூட வந்தவர்மீதே குண்டு பாய்ந்து ஆள் இறந்த வழக்குகள் இடுக்கியில் உண்டு. குறுக்கிய துப்பாக்கியை விறகுக் கட்டுக்குள் வைத்தும் கொண்டுபோகலாம். இவையெல்லாம் உண்மை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே தண்டனைக்குள் அடைக்கக் கூடாது என்கிறேன். உண்மையான குற்றவாளியையும் அறியாதவரையும் ஒரே கூண்டில் நிறுத்தும் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் காவலர்களே தயங்குவார்கள். அப்போது வழக்குப் போடுவதும் போடாமல் விடுவதும் சட்டத்தின் கையை விட்டு அதிகாரியின் மனநிலைக்குப் போய்விடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மலையோரங்களில் தமிழ்நாட்டுக் காவல்துறை, கள்ளத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவித்து வாங்கிக்கொண்டது நினைவிருக்கும். சட்டம் தராத வித்தியாசத்தைக் காவல்துறை தானே உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடு அது.

செய்ய வேண்டியதில் பெரும்பகுதிக்கு நாடாளுமன்றம்கூட வேண்டாம். வகைகள் விதிகளில் இருப்பதால், வகை மாற்றம் என்பது எது என்ற விளக்கத்தை மத்திய உள்துறை அமைச்சகம் விதியாகவே வெளியிடலாம்: எந்தக் குழல் நீளத்தில், எந்த மொத்த நீளத்தில், தோள்கட்டை பொருந்தினால் எந்த வகை. உரிமத்தில் எழுதும் ஆயுத விவரத்தோடு குழல் நீளத்தையும் அளந்து குறிப்பதைக் கட்டாயமாக்கினால், பிற்பாடு யார் எவ்வளவு குறுக்கினார் என்ற சர்ச்சையே எழாது. பதிவான நீளத்திலிருந்து குறைந்தும் 20 அங்குலத்துக்கு மேலேயே நிற்கிற குழலை, உரிமதாரர் முன்கூட்டித் தெரிவித்து உரிமம் பெற்ற பட்டறையில் சரிசெய்துகொள்ள எளிய படிவம் ஒன்று போதும். தண்டனைப் பிரிவில் நீதிபதிக்கு விருப்புரிமை தருவதற்கு மட்டும் சட்டத்திருத்தம் வேண்டும். உரிமதாரர் மிகுந்த தாலுகாக்களில் ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரை வரவழைத்துக் காவல் நிலைய வளாகத்திலேயே முகாம் நடத்துவது மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு எட்டுகிற வேலை. தேவிகுளத்தில் ஒன்று, அட்டப்பாடியில் ஒன்று என்று தொடங்கலாம்.

அதுவரை மலையில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வீட்டுப் பரணில் பழைய துப்பாக்கி ஒன்று கிடைத்து அதன் உரிமம் காலாவதியாகியிருந்தாலோ, உரிமதாரர் இறந்துபோயிருந்தாலோ, அதைப் பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது. குழலில் கை வைக்காமல், உள்ளபடியே அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிப்பது அந்த ரசீதை வைத்துக்கொண்டுதான்.